கம்பத்து பேக்கரியில் அட்டை சுட்ட கதை

போன வாரம் தூறலில் நனைந்து ஒரு கூரியர் பெட்டி வீட்டுக்கு வந்தது. உள்ளே மகளுக்குச் செருப்பு. அவள் செருப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் பெட்டியை எடுத்து மூக்கருகில் வைத்துக்கொண்டேன். நனைந்த பழுப்பு அட்டைக்கு ஒரு வாசனை உண்டு. கஞ்சிப் பசையும் வைக்கோலும் பழைய செய்தித்தாளும் சேர்ந்தாற்போல இருக்கும். கட்டைவிரல் நகத்தால் ஓரத்தை அழுத்திப் பார்த்து, "பதினஞ்சுக்குக் குறையாது" என்று முணுமுணுத்தேன். அடுப்படியிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். பெட்டியை முகர்கிற ஆளோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்துகிறவள், ஒன்றும் கேட்கவில்லை. நீங்கள் கேட்பீர்கள். அதனால் சொல்கிறேன்.

இரண்டாயிரத்து மூன்று வாக்கில், தேனியிலிருந்து போடி போகிற சாலையில் ஓர் அட்டைப்பெட்டி கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன். பாலிடெக்னிக் முடித்த சூடு ஆறாத வயது. சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா. ஒன்று எழுத, இன்னொன்று பார்க்கிறவர்களுக்கு. எனக்குக் கொடுத்த பதவி குவாலிட்டி சூப்பர்வைசர். அந்தத் துறையில் நான் ஒருவன்தான் இருந்தேன் என்பதால் என்னை நானே மேற்பார்த்துக்கொண்டேன்.

முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்போம். தேனி பஜாரில் காகிதக் கடை வைத்திருந்த குடும்பம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்விட்டு அப்படியே வெள்ளை வேட்டியோடு கம்பெனிக்கு வந்து பசை காய்ச்சுகிற கொப்பரையை எட்டிப் பார்ப்பார். அதிகம் பேசமாட்டார். அவர் பேசாமல் இருப்பதை நான் என் திறமைமேல் உள்ள நம்பிக்கை என்று எடுத்துக்கொண்டேன்.

பெட்டி அட்டை எப்படி ஆகிறதென்று பார்த்திருக்கமாட்டீர்கள். மேலே ஒரு தாள், கீழே ஒரு தாள், நடுவில் அலை அலையாக மடித்த தாள். மூன்றையும் கஞ்சிப் பசையால் ஒட்டுவார்கள். பசையில் இருக்கிற தண்ணீர் சரியாகக் காயவேண்டும். காயாவிட்டால் லாரியில் அடுக்கும்போது அடிப்பெட்டி நசுங்கும். திராட்சைப் பெட்டி என்றால் அதோடு போயிற்று. ஏலக்காய்ப் பெட்டி என்றால் உள்ளே பூஞ்சை பிடிக்கும். எங்களுக்குப் பெரிய வாடிக்கை கம்பத்தில் இருந்த ஏலக்காய் பேக்கிங் கம்பெனி. அவர்கள் திடீரென்று ஒரு நிபந்தனை போட்டார்கள்: இனிமேல் பெட்டியில் ஈரம் பத்து சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது, மீட்டர் வைத்துப் பார்ப்போம்.

அவர்கள் மீட்டர் வைத்தால் நாமும் வைக்கவேண்டாமா என்று நான்தான் அண்ணாச்சியிடம் சொன்னேன். மதுரையிலிருந்து ஒரு விற்பனைக்காரர் சூட்கேஸோடு வந்தார். கழுத்துப்பட்டை கட்டிய ஆள் எங்கள் கம்பெனிக்கு வந்தது அதுவே முதல் தடவை. இரண்டு வகை காட்டினார். ஒன்று, முனையில் இரண்டு ஊசி வைத்தது. அட்டையில் குத்தினால் ஊசிகளுக்கு நடுவில் ஓடுகிற மின்சாரத்தை வைத்து ஈரம் சொல்லும். இன்னொன்று, அடியில் தட்டையான தகடு வைத்தது. அட்டைமேல் சும்மா வைத்தால் போதும், குத்தவேண்டியதில்லை. எந்தப் பொருளை அளக்கிறோமோ அதற்கேற்ற அளவுகோலுக்குத் திருகிக்கொள்ள வேண்டும் என்றும், எதன்மேல் வைத்து அளக்கிறோம் என்பதும் முக்கியம் என்றும் விளக்கினார். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். ஆட்டின வேகத்தில் பாதி காதில் விழவில்லை.

தகடு வைத்தது பார்க்கச் சோப்புப்பெட்டி மாதிரி இருந்தது. ஊசி வைத்ததில் ஒரு விஞ்ஞானக் களை இருந்தது. ஊசி மீட்டரே நமக்கு ஏற்றது என்று தீர்ப்புச் சொன்னேன். அண்ணாச்சி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், பெட்டியில் ஓட்டை விழாதா என்று. சின்ன ஓட்டைதான், ஏலக்காய் மூச்சு விடும் என்றேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வாங்கிக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு நான் குத்தாத பொருள் இல்லை. கம்பெனிச் சுவர், காவலாளியின் கயிற்றுக்கட்டில், டீக்கடை வடை. பண்ணைப்புரத்தில் எங்கள் வீட்டுக்குப் போனபோது ஆத்தா மாடியில் காயவைத்திருந்த வடகத்தைக் குத்தி, இன்னும் இரண்டு நாள் காயவேண்டும் என்று அறிவித்தேன். அது போன வருஷத்து வடகம், பூச்சி விழாமலிருக்க வெயில் காட்டியிருந்தாளாம். என் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தபோது மீட்டர் உச்சிக்குப் போய்விட்டது. மனிதனுக்கு இவ்வளவு ஈரமா என்று அன்று ராத்திரி முழுக்க ஒரு மாதிரி நெகிழ்ந்துபோயிருந்தேன். காதலிக்க ஆள் இல்லாத குறைதான், வேறொன்றுமில்லை.

ஆடி மாதம். மேற்கே மலையில் சாரல் பிடித்திருந்தது. ஒரு லாரி பெட்டி கம்பத்துக்குப் போனது. நான் குத்திப் பார்த்து எட்டு என்று சொல்லி அனுப்பிய லோடு. மறுநாள் மத்தியானம் லாரி போனபடியே திரும்பி வந்தது. ஈரம் பதினேழாம்.

கம்பெனியில் ஒட்டுகிற வேலைக்கு இருந்தவர்கள் எல்லாம் பெண்கள், பாதிப்பேர் கடமலைக்குண்டு பக்கமிருந்து பஸ் ஏறி வருகிறவர்கள். லாரி உள்ளே நுழைந்ததும் பசைக்கையோடு எழுந்து நின்றார்கள். அந்த வாடிக்கை போனால் மிஷின் பாதி நாள் நிற்கும் என்று அவர்களுக்கும் தெரியும். அவர்களுக்குத் தலைமை மாதிரி இருந்த ராசாத்தியக்கா என்னிடம் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

"எட்டுன்னு நீதானப்பா சொன்ன? அது எங்கிட்டுப் போயி பதினேழாச்சு?"

சாரலில் ஆகியிருக்கும் என்றேன். தார்ப்பாய் போட்டுத்தான் போனது என்றார் டிரைவர்.

அண்ணாச்சி என்னை உள்ளே கூப்பிட்டார். கோபமாக இருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அமைதியாகச் சொன்னார்.

"அவுக ஈரம்ங்கிறாக. நீ காஞ்சிருக்குங்கிற. ரெண்டு பேருகிட்டயும் மிஷின் இருக்கு. நேர்ல போயி எது நெசம்னு பாத்துட்டு வா. பெட்டி நெசமாவே ஈரம்னா ஒத்துக்கிட்டு வந்துரு."

நாலு பெட்டியைப் பிரித்துக் கட்டாகக் கட்டி, மீட்டரை அதன் கையேட்டோடு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு கம்பத்துக்குப் பஸ் ஏறினேன். சின்னமனூர் தாண்டியதும் இரண்டு பக்கமும் திராட்சைப் பந்தல். வழக்கமாக ஜன்னல்வழியே பார்த்துக்கொண்டு போவேன். அன்று, கம்பத்தில் பெட்டியை அளந்து திருப்பி அனுப்பிய பெண்மணியிடம் என்ன பேசுவதென்று ஆங்கிலத்தில் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன்.

அந்தப் பெண்மணி பெயர் லிசி. குமுளியிலிருந்து தினம் இறங்கி வந்து வேலை பார்க்கிறவர். என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும். மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டிருந்தார். என் ஆங்கிலத்தை முழுசாகக் கேட்டு முடித்து, தமிழில் பதில் சொன்னார்.

"பெட்டியில ஈரம் உண்டு தம்பி. ஏலக்காய் பூத்துப்போனா வெளிநாட்டுக்காரன் உங்கள கேக்கமாட்டான். என்னத்தான் கேப்பான்."

அவர் மேசைமேல் அட்டையை வைத்தார். அதன்மேல் தட்டை மீட்டரை வைத்தார். பதினேழு. நான் என் ஊசியை அதே இடத்தில் குத்தினேன். எட்டு. அவர் மறுபடி வைத்தார், நான் மறுபடி குத்தினேன். ஏலக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் வேலையை விட்டுவிட்டு எங்களைப் பார்க்க ஆரம்பித்தார்கள். கடைசியில் மீட்டர் எங்கே வாங்கியது என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டபோதுதான் தெரிந்தது, இரண்டையும் விற்றது அதே கழுத்துப்பட்டை ஆள்தான் என்று.

உடனே அவருக்குப் போன் போட்டார் லிசி. நான் பக்கத்தில் நின்று ரிசீவரில் காதை ஒட்டிவைத்தேன். இரண்டு மீட்டருமே நல்ல மீட்டர் மேடம் என்று ஆரம்பித்தார் அவர். லிசி மலையாளத்தில் ஏதோ சொன்னார், எனக்குப் புரியவில்லை, அவருக்குப் புரிந்துவிட்டது. சந்தேகமென்றால் பழைய வழிதான் என்றார். ஒரு துண்டு அட்டையை எடை போடவேண்டும். அடுப்பில் வைத்து, எடை குறைவது நிற்கும்வரை காயவிடவேண்டும். குறைந்த எடைதான் தண்ணீர். தண்ணீர் கொதிக்கிற சூட்டுக்கு ஒரு பிடி மேலே இருக்கவேண்டும், தீய்ந்துவிடக்கூடாது.

அந்த மாதிரி அடுப்புக்கு எங்கே போவது? லிசி யோசித்துவிட்டு, குடையை எடுத்தார். பின்தெருவில் அவர் ரொட்டி வாங்குகிற பேக்கரி இருந்தது.

பேக்கரிக்கார பாய் நாங்கள் சொன்னதை நிதானமாகக் கேட்டார். அட்டையைச் சுட்டு யார் தின்பது என்று கேட்டார். பிறகு சிரிக்காமல் அடுப்பைக் காட்டினார். அடுப்பு கிடைத்தது, எடை? ஒரு கிராமுக்குக் கீழே காட்டுகிற தராசு அந்தத் தெருவில் நகைக்கடையில்தான் இருந்தது. நானும் லிசியும் எவர்சில்வர் டிபன் பாக்ஸில் அட்டைத் துண்டுகளை வைத்து மூடி நகைக்கடைக்குப் போனோம். தாலிக்குப் பொன் வாங்க வந்த ஒரு குடும்பம் எங்களுக்காக ஒதுங்கி நின்றது. கடைக்காரர் வெல்வெட் துணியில் அட்டையை வாங்கி, தராசில் வைத்து, புள்ளிக்குப் பிறகு மூன்று எண் வரைக்கும் படித்தார். அந்த அட்டைக்கு அப்படியொரு மரியாதை அதற்கு முன்னும் கிடைத்ததில்லை, பின்னும் கிடைத்ததில்லை.

முதல் துண்டு கரியாகிவிட்டது. அவசரப்பட்டு அடுப்பின் உள்ளே தள்ளி வைத்தது நான். பாய் அதைக் கரண்டியால் எடுத்து என் கையில் கொடுத்து, "இது நல்லா காஞ்சிருச்சு" என்றார். பன் எல்லாம் இறக்கி அடுப்பு தணிந்த பிறகு லிசி ஒரு டம்ளர் தண்ணீரை உள்ளே வைக்கச் சொன்னார். தண்ணீர் தளதளவென்று கொதிக்கிற இடம் பார்த்து அதற்குச் சற்று உள்ளே அடுத்த துண்டுகளை வைத்தோம். வெளியே சாரல். உள்ளே காத்திருக்கிற நேரத்தில் பாய் டீயும் பிஸ்கட்டும் கொடுத்தார். தன் மகளுக்குப் படிப்பு வரவில்லை என்று லிசி வருத்தப்பட்டார். எனக்கு வேலை போய்விடும் என்று நானும் உண்மையைச் சொன்னேன். அதுவரைக்கும் நான் வீறாப்பாகவே பேசிக்கொண்டிருந்திருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது. அவர் ஒரு பிஸ்கட்டை என் பக்கம் தள்ளினார்.

மறுபடி நகைக்கடை, மறுபடி அடுப்பு, மறுபடி நகைக்கடை. எடை குறைவது நின்றது. லிசி கணக்குப் போட்டார். நான் இன்னொரு முறை போட்டேன். பன்னிரண்டு, சொச்சம்.

எட்டும் இல்லை, பதினேழும் இல்லை. திரும்பிப் போய் இரண்டு மீட்டரையும் அவற்றோடு வந்த கையேடுகளையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். என் மீட்டர் வாங்கிய நாளிலிருந்து மரத்துக்கான அளவில் இருந்தது. கதவு, ஜன்னல் செய்கிறவனுக்கு ஆனது. போதாததற்கு நான் மேல்தாளை மட்டும் குத்திக்கொண்டிருந்தேன், பசை ஈரம் நடுவில் அலைத்தாளில் இருந்தது. அவர் மேசை இரும்பு மேசை. தட்டை மீட்டர் மெல்லிய அட்டையைத் தாண்டி இரும்பையும் சேர்த்துப் படித்து, அதையும் ஈரம் என்று சொல்லிக்கொண்டிருந்தது. ஒரு பலகைமேல் வைத்ததும் பதினேழு சட்டென்று பதிமூன்றுக்கு இறங்கியது.

நான் விடவில்லை. என்னுடையது நாலுதான் தள்ளி, உங்களுடையது அஞ்சு தள்ளி என்றேன். லிசி கண்ணாடியைக் கழற்றினார்.

"சரி. தோத்தவங்கள்ல நீ ஃபர்ஸ்ட்."

ஆனாலும் பன்னிரண்டு பத்தில்லை. பெட்டி ஈரம்தான். வாரக் கடைசிவரை அவகாசம் தருகிறேன், காயவைத்துக் கொண்டுவா, நானே வந்து பார்க்கிறேன் என்றார். அண்ணாச்சியிடம் போய் ஒத்துக்கொண்டேன். அவர் வெளியே சாரலைப் பார்த்தார். அந்த வானத்துக்குக் கீழே ஒரு லாரி அட்டையை எங்கே காயப்போடுவது?

ஆடியில் கல்யாணம் கிடையாது. சர்ச்சில் அவருக்குப் பக்கத்து இருக்கைக்காரர் ஒருவருடைய கல்யாண மண்டபம் சும்மா பூட்டிக் கிடந்தது. அண்ணாச்சி சாவியை வாங்கி வந்துவிட்டார். பெண்கள் அத்தனை பேரும் வந்து பெட்டிகளை விரித்து வரிசை வரிசையாக நிறுத்தினார்கள். மேடையில், பந்திக்கூடத்தில், மணமகள் அறையில்கூட. மண்டபத்து மின்விசிறிகள் அத்தனையும் சுற்றின. தெருவில் போகிறவர்கள் ஆடியில் யாருக்குக் கல்யாணம் என்று எட்டிப் பார்த்தார்கள். ராசாத்தியக்கா என்னைக் காட்டி, "மாப்பிள்ள இங்கன இருக்காரு. பொண்ணுதான் இன்னும் காயல" என்றார். அண்ணாச்சி சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

சனிக்கிழமை லிசி வந்தார். கையில் மீட்டர், கக்கத்தில் ஒரு பலகை. மேடையேறி நடுவிலிருந்து ஒரு பெட்டியை உருவினார். கூடம் முழுக்க மின்விசிறிச் சத்தம் மட்டும். பலகைமேல் வைத்து அளந்தார். ஒன்பதரை. இன்னொன்று உருவினார், ஒன்பது. மணமகள் அறைக்குப் போய் அங்கேயும் பார்த்தார். வெளியே வந்து அண்ணாச்சியைப் பார்த்து லாரி ஏற்றச் சொன்னார். பெண்கள் யாரும் ஆரவாரம் செய்யவில்லை. ராசாத்தியக்கா மட்டும் மேடை ஓரத்தில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். எனக்கு உள்ளங்கை ஈரம். அளக்கத் தோன்றவில்லை.

அதற்கப்புறம் ஒவ்வொரு லோடுக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கம்பெனிப் போன் அடிக்கும். உனக்கு எத்தனை என்பார். ஒன்பது என்பேன். எனக்கு ஒன்பதரை, நீ மேலாகக் குத்துகிறாய் என்பார். அந்த அரைக்காக நாங்கள் அரைமணி நேரம் சண்டை போட்டிருக்கிறோம். சண்டை முடிந்ததும் மகள் எத்தனை மார்க் வாங்கினாள் என்பதும் எனக்குப் பெண் பார்த்தது எங்கே தட்டிப்போனது என்பதும் வரும். பெண்ணிடம் மீட்டர் பற்றிப் பேசாதே என்று அவர்தான் புத்தி சொன்னார். கேட்டேன், கல்யாணம் ஆயிற்று.

சில வருஷத்தில் பேக்கிங் கம்பெனி கொச்சிப் பக்கம் போய்விட்டது. லிசியும் போனார். திராட்சை பிளாஸ்டிக் கிரேட்டுக்கு மாறியது. அண்ணாச்சிக்கு உடம்புக்கு முடியாமல் போனதும் பிள்ளைகள் மிஷினை விற்றார்கள். அந்த இடத்தில் இப்போது மனைக்கல் நட்டிருக்கிறார்கள். ராசாத்தியக்கா திருப்பூருக்கு மகனோடு போய்விட்டதாகக் கேள்வி. கம்பத்தில் அந்த பேக்கரி இருந்த இடம் செல்போன் கடை.

கடைசியாக லிசி பேசியது கம்பத்திலிருந்து சாமான் ஏற்றுகிற நாளில். லோடு எதுவும் இல்லை, அளக்க ஒன்றுமில்லை. ஆனாலும் அவர், "உன் மீட்டரு இப்பவும் தப்புத்தான்" என்றார். இல்லை சேச்சி என்று நான் ஆரம்பிப்பதற்குள் யாரோ அவரைக் கூப்பிட்டார்கள், போனை வைத்துவிட்டார்.

இப்போது வேலை பார்க்கிற இடத்தில் நான் அளந்து சொல்கிற எண்ணை எல்லோரும் அப்படியே எழுதிக்கொள்கிறார்கள். தப்பு என்று சொல்ல ஓர் ஆள் இல்லை.