அக்கா போட்ட ‘ங்க’

எங்கள் சேலம் பக்கத்தில் ‘ங்க’ போடாவிட்டால் அது பேச்சே இல்லை. கடைக்காரருக்கு ங்க, கண்டக்டருக்கு ங்க, சண்டைக்கு வருகிறவனுக்கும் ங்கதான். யார் போட்டாலும் எனக்குச் சம்மதம், என் அக்காவைத் தவிர.

அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள் அவள்தான். “சாப்புடு கண்ணு”, “தூங்கு சாமி” என்பாளே தவிர, அவள் வாயில் என் பெயர் வந்ததில்லை. படித்து முடித்து ஏற்காட்டில் பள்ளிக்கூட வேலைக்குச் சேர்ந்த அன்று, புதுச் சேலையோடு நாகலூரில் அவள் வீட்டு வாசலில் போய் நின்றேன். “வாங்க டீச்சர், உள்ள வாங்க” என்றாள். கிண்டல் என்று நினைத்துச் சிரித்தேன். கிண்டல் இல்லை. அன்று ஏறிய மரியாதை இன்றுவரை இறங்கவில்லை.

கல்யாணம் கூடிவரவில்லை, ஏற்காட்டில் ஒரு வாடகை அறையில் தனியாக இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் பஸ் பிடித்து அக்காவிடம் போய்விடுவேன். கறிக்குழம்பில் நல்ல துண்டெல்லாம் என் தட்டில்தான் விழும். குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனாலும் விருந்தாளிக்குப் பரிமாறுகிற மாதிரி எட்ட நின்று பரிமாறுவாள். எனக்கு வயிறு நிறையும், மனசு நிறையாது.

போன மழைக்காலத்தில் ஒரு மத்தியானம், இருவரும் டிவியில் படம் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு பெரிய வீட்டில் இரண்டு சகோதரிகள். காய்ச்சலில் கிடக்கும் தங்கை கையை நீட்டுகிறாள். அக்காக்காரி போர்வையை இழுத்து விடுகிறாள், மருந்தை எடுத்து வைக்கிறாள், அந்தக் கையைத் தொடாமலே போய்விடுகிறாள். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. “கல்லு! இவளெல்லாம் ஒரு அக்காவா?” என்று திட்டினேன். யாரைத் திட்டினேன் என்பது எனக்குத் தெரியும்.

அக்கா டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“அப்படிச் சொல்லாதீங்க. அவளுக்குப் பாசம் இல்லாம இல்லீங்க. நொம்ப நாளாத் தொடாம உட்டுட்டா. இப்ப கை வர மாட்டேங்குது.”

அவள் கை என் பக்கத்தில்தான் இருந்தது. என் கையும் வரவில்லை.

சாயங்காலம் குடை பிடித்து என்னை பஸ்ஸுக்குக் கூட்டிவந்தாள். அவள் வளர்க்கிற நாயும் பின்னாலேயே வந்தது. இனி எதற்கு வெட்கம் என்று கேட்டே விட்டேன்.

“ஒருக்கா கண்ணுன்னு கூப்புடுக்கா.”

“சும்மா இருங்க. பஸ் வந்துருச்சு பாருங்க” என்றாள்.

ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். பஸ் நகரவில்லை. நாய் குறுக்கே போய் நின்றுவிட்டது. டிரைவர் ஹாரன் அடித்தார். அக்கா குடையைச் சாய்த்துக்கொண்டு நாயிடம் ஓடினாள்.

“வா கண்ணு! வா சாமி, ஊட்டுக்குப் போலாம்!”

அதே குரல். கொஞ்சமும் மாறவில்லை. கேட்டதும் பையை எடுத்துக்கொண்டு எழுந்து நின்றுவிட்டேன்.

“எறங்கறீங்களா டீச்சர்?” என்றார் கண்டக்டர்.

“இல்லீங்க” என்று உட்கார்ந்தேன்.