மே மாதத்தில் ஹீட்டர்

அறுபதுகளின் தொடக்கத்தில் என் கணவர் ஒரு பழைய இங்கிலீஷ் ஸ்போர்ட்ஸ் காரை வாங்கினார். பம்பாய் செம்பூரில் அவர் வேலை பார்த்த கம்பெனியின் வெள்ளைக்கார மேனேஜர் சீமைக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன வண்டி அது. இரண்டே இருக்கை, மேலே மடக்கிவைக்கும் கித்தான் கூரை. நான் அப்போது கர்ப்பமாக இருந்தேன். மூன்று பேராகப் போகிற குடும்பத்துக்கு இரண்டு பேர் வண்டி எதற்கு என்று கேட்டேன். அவர் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு ரொம்ப நாள் நிற்கவில்லை. எங்கள் இருவருக்கும் காரைப் பற்றி அரிச்சுவடிகூடத் தெரியாது. எந்த ஆயில் ஊற்றுவது? எப்போது மாற்றுவது? தண்ணீர் அளவைப் பார்ப்பது எஞ்சின் சூட்டிலா, ஆறிய பிறகா? பிரேக்கை மிதித்தால் கால் ஏன் பாதிவரை சும்மா உள்ளே போகிறது? மாட்டுங்காவில் என் அண்ணாவுக்குத் தெரிந்த டாக்சி மெக்கானிக் பானட்டைத் தூக்கிப் பார்த்தார். தன் ஸ்பேனர் ஒன்றும் இந்த போல்ட்டுகளில் உட்காரவில்லை என்று ஹிந்தியில் சொல்லிவிட்டு மூடிவிட்டார். ஆபீஸில் கேட்டால் ஆளுக்கொரு பதில். டாஷ்போர்டில் எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் எந்நேரமும் பாதிக்கு மேலேயே நின்றது. பம்பாய் வெயிலில் அப்படித்தான் இருக்கும்போல என்று நாங்களாகவே தீர்மானித்துக்கொண்டோம்.

எட்டாம் மாதம், மே வெயில். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எனக்கு ரத்தம் போக ஆரம்பித்தது. அன்று பார்த்து டாக்சிக்காரர்கள் வேலைநிறுத்தம். பக்கத்து வீட்டு மாமி, நானும் கூட வருகிறேன் என்று புடவையைச் சரிசெய்துகொண்டு ஓடிவந்தாள். எங்கள் காரில் மூன்றாவது ஆள் உட்கார இடமில்லை. வாசலிலேயே நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"தாதர் ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்? இதோ போயிடலாம். ஏதாவது பேசிண்டே வா" என்றார் அவர்.

காலையிலிருந்தே வயிற்றில் குழந்தை அசையவில்லை. அதை அவரிடம் சொல்லத் தைரியம் இல்லாமல் அந்த முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். சயான் வருவதற்குள் அது கடைசிக் கோட்டைத் தொட்டுவிட்டது. தாராவி முனையில் பானட்டின் இடுக்கெல்லாம் ஆவி சீறியது. வண்டியை ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்தினார். குதித்து இறங்கி, பானட்டைத் தூக்கி, ரேடியேட்டர் மூடியில் கையை வைத்தார்.

"தொறக்காதீய! மூஞ்சி வெந்து போவும்!"

கத்திக்கொண்டு வந்தவர் அங்கே லாரி ஒர்க்‌ஷாப் வைத்திருந்த பாய். பேச்சிலேயே திருநெல்வேலிப் பக்கம் என்று தெரிந்தது. என்னைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"ஏ யல்லா... புள்ளத்தாச்சிப் பொம்பளையையா வச்சிருக்கீய?"

"ரத்தம் போயிண்டிருக்கு பாய். உங்க லாரி ஏதாவது..."

"ரெண்டு லாரியும் எஞ்சினக் கழத்திக் கெடக்கே சார். இந்த மாதிரி வண்டிய நான் தொட்டதே இல்ல. ஆனா கொதிக்கது எல்லா வண்டிக்கும் ஒண்ணுதான். செத்த ஆறட்டும்."

"ஆற நேரமில்லையே!" என்றார் அவர். "பச்சைத் தண்ணியை ஊத்திடறேன்."

"ஊத்துனா எஞ்சின் பிளாக் வெடிச்சிரும். அப்புறம் இங்கனயே கெடக்க வேண்டியதுதான்."

பாய் எதிரே இருந்த டீக்கடைக்கு ஓடி ஒரு டின் வெந்நீரோடு வந்தார். நனைத்த சாக்கை மூடிமேல் போட்டு, கொஞ்சங்கொஞ்சமாகத் திருகி ஆவியை வெளியே விட்டார். எஞ்சினை ஓடவிட்டு வெந்நீரைச் சிறுகச் சிறுக ஊற்றினார். முள் லேசாக இறங்கியது, மறுபடி ஏறியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். இந்தத் தெருவில்தான் பிறக்கப்போகிறதா, இல்லை, பிறக்கவே போவதில்லையா என்று ஓடியது மனம்.

"இந்த ரெண்டு ரப்பர் குழாயும் உள்ள போவுதே, எதுக்கு சார்?" என்றார் பாய்.

"அது ஹீட்டர். குளிர் தேசத்து வண்டி இல்லையா? நமக்கெதுக்குன்னு அடைச்சு வச்சிருக்கேன்."

பாய் குனிந்து அந்தக் குழாய்களை விரலால் தடவிப் பார்த்தார். "கொதிக்க தண்ணி அது வழியா சுத்துனா, சூடு கொஞ்சம் வண்டிக்குள்ள எறங்குமுல்லா? தொறந்து பாப்போம். ஆனா சூடு பூரா இந்தம்மா காலுலதான் அடிக்கும்."

"திறங்கோ" என்றேன் நான்.

திறந்தார்கள். நெருப்பின் முன்னால் காலை நீட்டினாற்போல அனல் அடித்தது. பாய் தண்ணீர் டின்னோடு எங்கள் இருக்கைகளுக்குப் பின்னால், மடித்த கூரைமேல் தொற்றிக்கொண்டார். கண்ணைத் தெருவைவிட்டு எடுக்காமல் ஓட்டுங்கள், முள்ளை நான் பார்க்கிறேன் என்று என் கணவரிடம் சொன்னேன். "ஏறறது... நிக்கறது... இறங்கறது" என்று கத்திக்கொண்டே போனேன். கிங்ஸ் சர்க்கிள் தாண்டுவதற்குள் மறுபடி ஒருமுறை நிறுத்தி வெந்நீர் விட்டார்கள். ஆஸ்பத்திரி வாசலில் எஞ்சின் தடதடவென்று உதறி, தானே நின்றுபோயிற்று. பாயும் அவருமாக என்னைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

இருவரில் ஒருவர் பிழைத்தால் பெரிது என்று டாக்டர் அவரிடம் சொன்னாராம். வயிற்றைக் கீறி எடுத்த பெண் குழந்தை முதலில் அழவில்லை. பிறகு பூனைக்குட்டிபோல ஒரு சத்தம் போட்டது என்று நர்ஸ் சொன்னாள். பல நாட்கள் கண்ணாடிப் பெட்டிக்குள்ளேயே இருந்தது. அவர் தினமும் ஜன்னல் ஓரம் நின்று, மூச்சு விடுகிறதா என்று பார்த்துவிட்டு என்னிடம் வந்து சொல்வார்.

இரண்டாம் நாள் என் பாதங்களில் மருந்து தடவிய நர்ஸ், இவ்வளவு கொப்புளம் எப்படி வந்தது என்று கேட்டாள். அவர்தான் பதில் சொல்ல ஆரம்பித்தார். ஹீட்டர் என்ற சொல்லைத் தாண்ட முடியவில்லை. கட்டிலின் கால்மாட்டில் தலையைச் சாய்த்து அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

எங்கள் பெண் பிழைத்துக்கொண்டாள். வண்டியை பாய் கட்டி இழுத்துப்போய்த் தன் ஒர்க்‌ஷாப்பில் நிறுத்தினார். எஞ்சினின் மேல்பாகம் விரிசல் விட்டிருந்தது; அதற்கு மாற்று பம்பாயில் எங்கும் கிடைக்கவில்லை. மழை தொடங்குவதற்குள் ஒரு தார்ப்பாயைப் போட்டு மூடிவைத்தார்கள். என் கணவர் அதைப் பார்க்கப் போகவே இல்லை.