தனியாக மலையேறிய கோமதிநாயகம்

போன மாதம் நானும் நண்பன் கோமதிநாயகமும் மேகமலைக்குப் போனோம். வண்டி என்னுடையது. போக வர ஓட்டியதும் நான்தான். அவன் பின்னால் உட்கார்ந்து, ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டான்.

மேலே, மேகம் காலடியில் கிடந்த இடத்தில், வண்டியில் அவனை உட்காரவைத்து ஆறேழு படம் எடுத்துக் கொடுத்தேன்.

மறுநாள் அதையெல்லாம் ஃபேஸ்புக்கில் 'தனியாக ஒரு மலைப் பயணம்' என்று போட்டான். படம் எடுத்தது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. அன்றிலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

இன்று சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் நின்றான். பக்கத்தில், அவனுக்குப் பெண் கொடுக்கப்போகும் புளியங்குடி மாமனார்.

"மாப்பிள்ளை தனியா மலையேறுன படத்தப் பாத்தேன் தம்பி. அசந்துட்டேன்" என்றார் என்னிடம்.

கோமதிநாயகம் கெஞ்சுவதுபோல் பார்த்தான். நான் காட்டிக்கொடுக்கவில்லை.

"மலைப்பாதைன்னா இவன அடிச்சுக்க ஆளு கிடையாது அண்ணாச்சி. உங்களையும் ஒருதடவ கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப இந்த ஞாயித்துக்கிழமையே போவோம் மாப்பிள்ளை. நான் பின்னால உக்காந்துக்கிடுதேன்."

"என் வண்டி சர்வீஸ்ல நிக்கு மாமா" என்று இழுத்தான்.

"என் வண்டி சும்மாதானல நிக்கு" என்று சாவியை எடுத்து மாமனார் கையிலேயே கொடுத்தேன்.

வீட்டுக்கு நடந்தே வந்தேன். அதற்குள் பதினோரு தடவை கூப்பிட்டுவிட்டான். எடுக்கவில்லை.

தனியாகப் போய்வந்தவனுக்கு வழி தெரியாதா என்ன? நீங்களே சொல்லுங்கள்.