ஒன்றரை அங்குலப் பிடி

விருதுநகர் பேருந்து நிலையத்துக்கு எதிர்ச் சந்தில் ஒரு விளையாட்டுச் சாமான் கடை இருந்தது. அதன் கண்ணாடி மேசைமேல் கடைக்காரர் மூன்று ஜோடி டம்பெல்களை எடுத்து வரிசையாக வைத்தார். முதல் ஜோடியில் நடுவே மெல்லிய கம்பி, இருபுறமும் கழற்றி மாட்டும் இரும்புத் தகடுகள். இரண்டாவது ஒரே வார்ப்பில் செய்த கறுப்பு இரும்பு. மூன்றாவது நீல நிறம். பிளாஸ்டிக் ஓட்டுக்குள் சிமெண்டு அடைத்தது. 2005 புரட்டாசி, முதல் வியாழக்கிழமை, மாலை ஐந்து மணி. நாட்காட்டி அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தும் வேலை எனக்கு. கிழமையும் தேதியும் பொருந்துகிறதா என்று வருடம் முழுக்கப் பார்த்துப் பார்த்து, சொந்த வாழ்க்கையையும் அப்படியே குறித்துவைக்கும் பழக்கம் வந்துவிட்டது. அன்றைய குறிப்பு இப்போதும் என்னிடம் இருக்கிறது. அதில் மூன்று ஜோடிகளின் எடையும் எழுதியிருக்கிறேன். பிடியின் பருமனை எழுதவில்லை.

வாங்க வந்தவர் அத்தான், என் அக்காவின் கணவர். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் போர்மேன். இருபத்திரண்டு வருடமாக மருந்துக் கலவை அறை அவர் பொறுப்பில் இருந்தது. அந்த வருடம் ஆடிக் கடைசி வாரத்தில், அவர் சலித்துக்கொண்டிருந்த வெடிமருந்து தீப்பற்றிப் பொங்கி, வலது புறங்கை முழுவதும் வெந்துபோனது. வேறு யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நாற்பது நாள் மதுரையில் ஆஸ்பத்திரி. புண் ஆறிவிட்டது. ஆனால் புதுத் தோல் பளபளவென்று விறைத்து நின்றது. விரல்களை மடக்கினால் பாதியில் நின்றுவிடும். வீட்டுக்கு அனுப்பும்போது பிசியோதெரபி அம்மா எங்கள் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார்: "தெனமும் எடை புடிச்சுத் தூக்கணும். கம்பி மெல்லிசா இருக்கணும், அப்பத்தான் வெரலு மடங்கும். தோலு இறுகுறதுக்குள்ள பழக்கிறணும். நாலஞ்சு மாசம்தான் டைமு." அதையும் குறித்துக்கொண்டேன். கடையில் நின்றபோது அந்தக் குறிப்பேடு என் சட்டைப் பையில்தான் இருந்தது.

முதலாளி நல்ல மனிதர். தை பிறந்ததும் வந்து கையைக் காட்டும்படியும், அதுவரை அவர் இடத்தில் ஆள் போடமாட்டேன் என்றும் சொல்லி அனுப்பியிருந்தார். அத்தான் அந்த ஒரு வாக்கைப் பிடித்துக்கொண்டுதான் நடமாடினார். எழுதப் படிக்கத் தெரியாதவர். "எனக்குத் தெரிஞ்சது இந்த ஒரு வேலைதான் மாப்ள. கை மடங்கிட்டா நானு போர்மேன். மடங்கலைன்னா ஒண்ணுமில்ல," என்று பேருந்தில் வரும்போதே சொன்னார். சொல்லிவிட்டுக் கையை வேட்டி மடிப்புக்குள் மறைத்துக்கொண்டார்.

கடைக்காரர் முதல் ஜோடியைத் தூக்கிக் காட்டினார். தகடுகள் ஒன்றோடொன்று இடித்தன. அந்தச் சத்தத்துக்கு அத்தான் இரண்டடி பின்னால் போனார். இதை வெளியூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டும். கலவை அறைக்குள் இரும்பு நுழையக் கூடாது. இரும்பும் இரும்பும் முட்டினால் பொறி. பொறி என்றால் அந்த அறையே இல்லை. அள்ளுவது, சலிப்பது, கிண்டுவது எல்லாம் மரமும் பித்தளையும்தான். இடுப்புச் சாவியைக்கூட வெளியே ஆணியில் மாட்டிவிட்டு வெறுங்காலோடு உள்ளே போவார்கள். ஆடி மாதம் பொங்கியதற்குக் காரணம், யாரோ பழுதுபார்த்த சல்லடைச் சட்டத்தில் இருந்த ஒரு சின்ன இரும்பு ஆணி என்று அத்தான் நம்பினார். அது உண்மையா என்று யாருக்கும் தெரியாது.

"இரும்பு வேண்டாம்," என்றார்.

"அண்ணாச்சி, வீட்டுல வச்சுத் தூக்கப் போறீக. வீட்டுல என்ன மருந்தா இருக்கு?"

"வேண்டாம்னா விடுங்களேன்."

"துணி சுத்திக்கிறலாம். சத்தமே வராது."

"துணிக்குள்ள இருக்கது இரும்புதான?"

ரப்பர் பூசிய மெல்லிய பிடி மதுரையில் கிடைக்கும், வரவழைத்துத் தர ஒரு வாரம் ஆகும் என்றார் கடைக்காரர். அத்தான் என்னைப் பார்த்தார். ஒரு வாரம் என்பது அவருக்கு நாலைந்து மாதத்தில் ஏழு நாள். "இன்னைக்கே ஆரம்பிக்கணும் மாப்ள. நீங்க படிச்சவுக, நீங்க சொல்லுங்க," என்றார். நான் நீல டம்பெல்லைக் கையில் எடுத்தேன். அதன் பிடி ஒன்றரை அங்குலத்துக்குக் குறையாத பருமன். பருமனான பிடி கைக்கு நல்ல பலம் தரும் என்று ஏதோ ஓர் உடற்பயிற்சிப் பத்திரிகையில் படித்த நினைவு வந்தது. அதைச் சொன்னேன். படித்த எதையாவது பொருத்தமான இடத்தில் சொல்லிவிட வேண்டும் என்ற ஆசை எனக்கு எப்போதும் உண்டு. அத்தானின் முகம் தெளிந்தது. இரண்டு கிலோவில் ஒரு ஜோடி, மூன்றில் ஒன்று, ஐந்தில் ஒன்று வாங்கினோம்.

ஆமத்தூரில் இருந்த அவர் வீட்டின் முன்னறையில், அக்கா வெடிக்குக் காகிதக் குழாய் உருட்டும் இடத்தைப் பாதியாகப் பிரித்து, அத்தான் கம்பெனி ரப்பர் விரிப்பு ஒன்றைப் போட்டார். அதுதான் உடற்பயிற்சிக் கூடம். அக்கா பார்த்துவிட்டுச் சிரித்தாள். "ஜிம்மு வச்சிட்டாக உங்க அத்தான். இரும்பு ஆகாதாமே. அப்ப என் தோசைக்கல்லு என்ன, பித்தளையா?"

"தோசைக்கல்லு ஒண்ணுதான இருக்கு? ரெண்டு இருந்தா முட்டிக்கிடும்."

"நம்ம ரெண்டு பேரும் முட்டாததா? இந்த வீடு இன்னும் எரியலையே."

அன்றுதான் அத்தான் ஆடிக்குப் பிறகு முதல்முறையாகச் சிரித்ததைப் பார்த்தேன்.

மருந்து கலப்பது வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டிய வேலை. அதனால் அவர் உடம்பு இருபத்திரண்டு வருடமாகக் காலை ஆறு மணிக்குப் பழகியிருந்தது. டம்பெல்லையும் அதே ஆறு மணிக்குத்தான் தூக்கினார். பருத்தி வேட்டியைத் தூக்கிக் கட்டி, வெறுங்காலோடு, விரிப்பில் கால் பதித்து நிற்பார். கீழே வைக்கும்போது, அள்ளிய மருந்தை வைப்பதுபோல, துளிச் சத்தம் இல்லாமல் வைப்பார். எத்தனை தடவை தூக்கினார் என்று அவர் மகள் ஒரு தாளில் எழுதிவைப்பாள். ஞாயிறுதோறும் நான் போய் அதையெல்லாம் என் குறிப்பேட்டில் ஏற்றுவேன். ஐப்பசி பிறந்ததும் மூன்று கிலோ. கார்த்திகை நடுவில் ஐந்து கிலோ. தோளிலும் முன்கையிலும் தசை திரண்டது. "பாத்தீகளா மாப்ள, எம்புட்டு ஏறிருச்சு," என்று கையை நீட்டிக் காட்டுவார். நான் எண்களைக் கூட்டிச் சராசரி சொல்வேன். இருவரும் மகிழ்ந்துபோவோம். அந்தப் பருத்த பிடியை விரல்கள் சுற்றிப் பிடிக்கவே வேண்டியிருக்கவில்லை. பாதி வளைந்த கையில் அது வாகாக உட்கார்ந்துகொண்டது. உள்ளங்கையில் ஏந்தியே தூக்கிவிடலாம். விரல் நுனிக்கும் உள்ளங்கைக்கும் இடையே எவ்வளவு இடைவெளி என்று ஒரு ஞாயிறுகூட நான் அளக்கவில்லை. அச்சகத்தில் அளவுகோல் இல்லாமல் ஒரு பக்கத்தைக்கூடத் தாண்டவிடாதவன் நான்.

பொங்கலுக்கு மூன்று நாள் மட்டும் அவர் தூக்கவில்லை. அக்கா தடுத்துவிட்டாள். "நல்ல நாளும் அதுவுமா என்னத்தத் தூக்கிக்கிட்டு. மூணு நாளு உக்காந்து சாப்பிடுங்க," என்றாள். அவர் முனகிக்கொண்டே கேட்டுக்கொண்டார்.

தை மூன்றாவது திங்கட்கிழமை கம்பெனிக்குப் போனோம். அச்சகத்தில் சீசன் முடிந்திருந்ததால் எனக்கு விடுப்பு கிடைத்தது. முதலாளி மரச்சட்டம் போட்ட பித்தளைச் சல்லடை ஒன்றைக் கொண்டுவரச் சொன்னார். அதில் இரண்டு கை பொடிமணல் போடவைத்தார். "சும்மா சலிச்சுக் காட்டுங்க, போதும்," என்றார். நாலைந்து வேலையாட்கள் வேலையை நிறுத்திவிட்டு வந்து நின்றார்கள். சல்லடை மணலோடு சேர்த்து ஒரு கிலோகூட இருக்காது. அதன் விளிம்பு மெல்லியது. விரல் மடங்கிப் பற்றினால்தான் நிற்கும். அத்தான் பிடித்தார். முதல் அசைவில் கையில் நின்றது. இரண்டாவதில் வலப்பக்கம் நழுவிச் சரிந்தது. மணல் அவர் காலில் கொட்டியது. குனிந்து எடுத்து மறுபடி பிடித்தார். மறுபடி நழுவியது. மூன்றாவது முறை எடுக்கப் போனபோது முதலாளி அவர் தோளைத் தொட்டார்.

"இது மணலு, அண்ணாச்சி," என்றார்.

கேட்டில் உட்கார்ந்து, உள்ளே போகிறவர்களிடம் பீடி, தீப்பெட்டி இருக்கிறதா என்று தடவிப் பார்க்கும் வேலையைக் கொடுத்தார். அதில் பெருந்தன்மைதான் இருந்தது. அத்தான் தலையாட்டினார்.

அந்த வாரமே மதுரைக்குப் போனோம். அத்தான் உள்ளே கையைக் காட்டிக்கொண்டிருந்தபோது, வராந்தாவில் நான் பிசியோதெரபி அம்மாவிடம் குறிப்பேட்டைக் கொடுத்தேன். நூற்றிருபத்தேழு நாள், ஒரு நாளுக்கு ஒரு வரி. அவர் நிதானமாகப் புரட்டினார். "புடி எம்புட்டுப் பருமன்?" என்று கேட்டார். என் விரல்களை வட்டமாக்கிக் காட்டினேன். அவர் அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "கை நல்லா வளந்திருக்கு. வெரலு அன்னைக்கி இருந்த எடத்துலயே இருக்கு. மெல்லிசான கம்பின்னு சொன்னேனே சார்," என்றார். அறுவை சிகிச்சை செய்து பார்க்கலாம், முழுதாக வரும் என்று சொல்ல முடியாது என்றார். அத்தான் அதற்கு ஒப்பவில்லை. இன்னொரு முறை ஆஸ்பத்திரியில் படுக்க அவரிடம் தைரியம் மிச்சமில்லை.

திரும்பி வரும் பேருந்தில், திருமங்கலம் தாண்டியபிறகு வாயைத் திறந்தார். "அந்த மூணு நாளு விட்டோம்ல மாப்ள. அதுலதான் போச்சு." அப்போது சொல்லியிருக்க வேண்டும். ஒரே ஒரு வாக்கியம். நான் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அந்த மூன்று நாள் அதற்குப் பிறகு அந்த வீட்டை விட்டுப் போகவில்லை. சண்டை என்று வந்தால் அங்கேதான் போய் நிற்கும். அக்கா முதலில் எதிர்த்துப் பேசினாள், பிறகு அழுதாள், பிறகு இரண்டையும் விட்டுவிட்டாள். பொங்கலன்று அவள் வைக்கும் பொங்கலை அவர் தொடுவதில்லை. காலையிலேயே, யாரும் வேலைக்கு வராத கம்பெனி வாசலில் போய் உட்கார்ந்துகொள்வார். வருடாவருடம் நான் சாப்பிடப் போவேன். பானை இறக்கியதும் முதல் இலை எனக்குத்தான் விழும். சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தே போவேன். குறிப்பேட்டில் அந்த நாளுக்கு எதிரே "சொல்லவில்லை" என்று எழுதியிருக்கிறேன், பல வருடம்.

போன பொங்கலுக்கு இலையில் நெய் ஊற்றிவிட்டு, அக்கா என் எதிரே உட்கார்ந்தாள். மகள் திருமணமாகிப் போய்விட்டாள். வீட்டில் வேறு யாரும் இல்லை. அவளுக்கு இப்போது காதருகே முழுக்க நரைத்துவிட்டது.

"தம்பி, நீ எல்லாத்தையும் எழுதி வச்சிருப்பேல்ல," என்றாள். "நானு அந்த மூணு நாளு தடுத்திருக்கக் கூடாது, என்ன?"

இத்தனை வருடத்தில் அவள் அதை ஒப்புக்கொள்வதை அன்றுதான் கேட்டேன்.

"இல்லக்கா," என்றேன். "அதுனால இல்ல."

மேலே சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் சிரித்தபடி எழுந்து, என் தலையை ஒருமுறை தடவிவிட்டு அடுப்படிக்குப் போனாள். நான் ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொண்டாள்.