ஆச்சா மரத்தில் ரிஜெக்ட் துணி

அழகர்சாமிக்கு உலகத்தில் இரண்டு நிறங்கள் போதும். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஓசூர் சிப்காட்டுக்கு வந்து, கியர் செய்யும் கம்பெனி ஒன்றில் இன்ஸ்பெக்‌ஷன் வேலைக்குச் சேர்ந்தவர். பச்சைத் துணி கட்டினால் தேறியது, சிவப்புத் துணி கட்டினால் கழித்தது, ரிஜெக்ட். வீட்டில் மனைவி ஜெயமணி வாங்கி வரும் கத்தரிக்காயைக்கூட இரண்டு கூறாகப் பிரித்துவிட்டுத்தான் கை கழுவுவார். "கம்பெனியக் கழட்டி வாசல்ல வச்சிட்டு வரமாட்டீகளா?" என்பாள் அவள்.

மழைக்காலம் முடியும்போது கம்பெனியில் அவரோடு வேலை செய்கிறவர்கள் குடும்பத்தோடு ஒரு நாள் மலையேறப் போவார்கள். ஜவளகிரிக்கு அந்தப்புறம், காப்புக்காட்டுக்கு வெளியே ஒரு கரடு. உச்சிப் பாறையில் கட்டுச்சோறு. பொழுது சாய்வதற்குள் கீழே இறங்கி அடிவாரத்துக் குட்டையைத் தாண்டிவிட வேண்டும். அதற்குப் பிறகு அங்கே யானை தண்ணீருக்கு வரும். மழை வருஷா வருஷம் தடங்களை மாற்றிவிடும் என்பதால், முன்கூட்டியே தனியாகப் போய்த் தடம் பார்த்து வருவது அழகர்சாமியின் பொறுப்பு. கேட்டு வாங்கிக்கொண்ட பொறுப்புதான்.

அந்த வருஷமும் போனார். பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் இடப்பக்கத் தடம் மழையில் அரித்து, கொஞ்ச தூரத்தில் ஓடைக்கரையோடு சரிந்து கிடந்தது. குழந்தை கால் வைத்தால் அப்படியே கீழே போய்விடும். அந்தத் தடத்தின் வாயிலிருந்த ஆச்சா மரத்தில் சிவப்புத் துணி கட்டினார். வலப்பக்கம் நல்ல தடம்; அங்கே ஒரு கிளையில் பச்சை. வேலை முடிந்தது.

ஆனால் அவசர ஆர்டர் என்று ஞாயிற்றுக்கிழமைகளிலும் கம்பெனி ஓடியதில், பயணம் தள்ளித் தள்ளிப் போய் இரண்டு மாதம் கழித்து ஒருவழியாகக் கிளம்பினார்கள். ஜெயமணியும் வந்தாள். முன்னால் நடந்த அழகர்சாமி பிரிவுக்கு வந்ததும் நின்றுவிட்டார்.

ஆச்சா மரத்தில் இருந்தது ஒரே ஒரு சிவப்புத் துணி அல்ல. மரத்தைச் சுற்றிச் சிவப்பும் மஞ்சளுமாகத் துணிகள் தொங்கின. அடியில் மூன்று கற்கள், குங்குமம், காய்ந்த எலுமிச்சம்பழம். மரத்தடி வரை இடப்பக்கத் தடம் ஆள் நடந்து நடந்து மழமழவென்று இருந்தது. வலப்பக்கம் வெறும் உண்ணிச்செடிப் புதர். பச்சைத் துணியைக் காணோம்.

இது அந்த மரம்தானா? இன்னும் மேலே வேறொரு பிரிவு இருந்ததோ? ஒருவேளை அன்றைக்குக் கை மாறிக் கட்டிவிட்டோமா? கண்ணை மூடி நினைத்துப் பார்த்தார். கன்வேயரில் கியர்கள்தான் வரிசையாக வந்தன.

"என்னண்ணே, வழி கேக்க சாமி கும்பிடுறீங்களா?" என்றான் சூப்பர்வைசர் ஜெகதீஷ். பின்னாலிருந்தவர்கள் சிரித்தார்கள். சிறுசுகள் நல்லதாகத் தெரிந்த இடப்பக்கத் தடத்துக்குள் ஓட ஆரம்பித்தன.

"யாரும் போகாதீங்க," என்றார் அழகர்சாமி. குரல் வேண்டியதைவிடப் பெரிதாக வந்துவிட்டது. "எனக்கு இப்ப வழி தெரியல. தெரியற வரைக்கும் இங்கிட்டே நிப்போம். இல்லாட்டி இறங்கிருவோம்."

ஜெயமணி அவர் முகத்தைப் பார்த்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து 'தெரியல' என்று கேட்டதில்லை.

அப்போது கீழேயிருந்து ஒரு பெண் தூக்குச்சட்டியோடு ஏறி வந்தாள். பக்கத்து ஊர் சாந்தம்மா, ஆடு மேய்ப்பவள். கூட்டத்தைப் பார்த்து அவளுக்கு ஏக சந்தோஷம்.

"அம்மனப் பாக்க ஓசூர்ல இருந்தே வந்துட்டீங்களா?"

"எந்த அம்மன்?" என்றார் அழகர்சாமி.

"இவதான். என் ஆடு காணாமப் போச்சுண்ணா. தேடிக்கினு வந்தா இந்த மரத்துல செவப்புத் துணி. யாரோ வேண்டிக்கினு கட்டியிருக்காங்கன்னு நானும் முந்தானையக் கிழிச்சிக் கட்டினேன். மறுநாளே ஆடு வந்துருச்சு. அப்புறம் ஊரே வருது."

ஜெகதீஷ் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு இருமினான். அழகர்சாமி அத்தனை துணிகளுக்குள் தான் கட்டியதைத் தேடினார். கழித்துப் போட்ட தடத்துக்கு ஊரையே கூப்பிட்டு வைத்திருக்கிறோம். சொல்லித் தொலைத்தால் இவள் முகம் என்னவாகும்? சொல்லாமல் விட்டு யாராவது ஓடையில் விழுந்தால்?

"ஏம்மா, இதத் தாண்டி உள்ளயும் போறீங்களா?"

"தாண்டியா?" சாந்தம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "அம்மன மிதிச்சிக்கினா போவாங்க? முன்ன மாடு ஓட்டறவங்க போவாங்க. அவ வந்து உக்காந்த பிறகு ஒருத்தர் போறதில்ல. வருவோம், மரத்தண்ட நின்னு கும்புடுவோம், வந்த வழியே போவோம். மேல போவணும்னா இந்தாண்ட போங்க."

அவள் உண்ணிச்செடியை விலக்கினாள். இலைகளுக்குள் இலையாகப் பச்சைத் துணி தொங்கிக்கொண்டிருந்தது.

"அண்ணே," என்றான் ஜெகதீஷ், "மழைக்காலத்துல காட்டுக்குள்ள வந்து பச்சையில அடையாளம் கட்டின ஆளு நீங்க ஒருத்தர்தான்."

உச்சிக்குப் போய்ச் சாப்பிட்டார்கள். வெயில் இருக்கும்போதே இறங்கினார்கள். ஆச்சா மரத்தடியில் ஜெயமணி நின்று, கைக்குட்டை ஓரத்தைக் கிழித்துக் கட்டினாள்.

"என்ன வேண்டிக்கிட்ட?"

"அடுத்த தடவையாவது உங்களுக்கு வழி தெரியணும்னு."

அது நம்ம ரிஜெக்ட் துணிடி என்று சொல்லத்தான் வாயெடுத்தார். அதற்குள் கைகள் தாமாகக் குவிந்துவிட்டன. எதைக் கும்பிட்டோம் என்று யோசித்துக்கொண்டே நடந்தார். குட்டையைத் தாண்டி, எல்லோரும் வந்தாயிற்றா என்று தலைகளை எண்ணும்போதும் அதுதான் ஓடியது. எண்ணிக்கை தப்பி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.