அடிக்காத கம்பவுண்டர்

போன வாரம் அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு காலேஜ் பையன்கள். ஒரே செல்போனில் இரண்டு தலைகளும் முட்டிக்கொண்டிருந்தன. ஏதோ ஜந்துகளை மோதவிடுகிற விளையாட்டு. "ஏலே, இத எதுக்கு டீமுல வச்சிருக்க? அடிக்கவே மாட்டேங்குது. சப்போர்ட்டு ஜந்தெல்லாம் வேஸ்ட்டுலே, தூக்கி வீசு" என்றான் ஒருவன். எனக்குச் சுருக்கென்றது. நரை விழுந்து, இரண்டு பிள்ளைகளைப் பெற்றவன், முன்பின் தெரியாத பையனின் தோளைத் தட்டி, "தம்பி, வாய அளந்து பேசு" என்று சொல்லியிருப்பேன். அதற்குள் பக்கத்தில் இருந்த அம்மா மடியிலிருந்த ஜவுளிப் பையைத் திறந்து ஒரு சேலையைத் தடவிப் பார்த்தார். கோடித் துணி வாசனை வந்தது. அவ்வளவுதான், எனக்குப் பஸ்ஸும் இல்லை, பையன்களும் இல்லை.

அந்த வாசனையில்தான் நான் நாலைந்து வருஷம் குப்பை கொட்டினேன். அருப்புக்கோட்டையில் ஒரு ஜவுளிக்கடை. சேலைப் பிரிவில் விற்பவன் சிக்கந்தர், வீரசோழன் ஊர்க்காரன். மடித்து வைப்பவன் நான். ஒரு சேலை விற்பதற்கு அவன் நாற்பது சேலையை விரித்துப் போடுவான். மயில் தோகை விரித்தது போல இருக்கும். போகிறபோது அந்த அம்மாக்கள், "தம்பி நல்லா பொறுமையா காட்டுச்சு" என்று முதலாளியிடம் அவனைப் பாராட்டிவிட்டுப் போவார்கள். அந்த நாற்பதையும் மடிப்புக் கலையாமல் திரும்ப அடுக்கியவன் ஒருத்தன் அங்கே நின்றான் என்பது யார் கண்ணிலும் படாது. இதைச் சொன்னால் பொறாமை என்பீர்கள். ஆமாம், பொறாமைதான். அதனால் உண்மை இல்லை என்று ஆகிவிடுமா?

செல்போனில் நெட்டு மலிவாகக் கிடைக்கத் தொடங்கிய காலம். கடைக்கு விடுமுறை விடும் நாளில், மதியம் சாப்பிட்டதும், பக்கத்துத் தெருவில் இருந்த செய்யது பாயின் செல்போன் கடையில் கூடுவோம். இதே மாதிரி ஒரு ஜந்து விளையாட்டு, ஜோடிக்கு ஜோடி ஆட்டம். ஆளுக்கு ஒரு ஜந்து, ஒரு பக்கத்துக்கு இரண்டு. ஒவ்வொரு முறையும் நம் ஜந்து என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வித்தையைத் தொட வேண்டும், பிறகு நாலும் வரிசையாகச் செய்யும். ஒரு ஜந்துக்கு நாலு வித்தைகள்தான். புதிதாக ஒன்று சொல்லிக்கொடுக்க வேண்டுமானால் பழையதில் ஒன்றை அழிக்க வேண்டும். அழித்தால் அழித்ததுதான், திரும்ப வராது. வித்தை ஒவ்வொன்றுக்கும் இத்தனை தடவைதான் என்று மூச்சுக் கணக்கும் உண்டு. பெரிய அடிகளுக்கு மூச்சு சீக்கிரம் தீரும். எல்லா மூச்சும் தீர்ந்துபோனால் ஜந்து தன்னைத்தானே முட்டிக்கொண்டு சாகும்.

சிக்கந்தரிடம் இருந்தது ஒரு நெருப்புக் காளை. என்னிடம் இருந்தது பூசணிக்காய்க்குக் கால் முளைத்த மாதிரி ஒரு ஜந்து. விளையாட்டு வந்த புதிதில் ஒரு வாரம் மட்டும் கிடைத்தது. எல்லோரும் பிடித்தார்கள், அடிக்கத் தெரியவில்லை என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். நான் மட்டும் வைத்து வளர்த்தேன். அதன் முதல் வித்தை மருந்து: யாருக்குக் காயமோ அவர்களுக்குப் போடும். இரண்டாவது, கூட்டாளிக்கு விழ வேண்டிய அடியைத் தான் வாங்கிக்கொள்ளும். மூன்றாவது, கூட்டாளிக்குத் தெம்பு ஏற்றும். நாலாவது, எதிராளியைச் சோம்பலாக்கும். செய்யது பாய்தான் அதற்குக் கம்பவுண்டர் என்று பெயர் வைத்தார். கேலிக்கு வைத்த பெயர். எனக்குப் பிடித்துப்போனது.

நாங்கள் தோற்றதே இல்லை. காளை அடிக்கும், அடி வாங்கும், சாயப் போகும்போது கம்பவுண்டர் மருந்து போடும், காளை மறுபடி எழுந்து அடிக்கும். "என்னா காளைடா!" என்பார்கள். செய்யது பாய் கடைச் சுவரில் காளையின் படத்தைப் பிரிண்ட் எடுத்து ஒட்டினார். கீழே சிக்கந்தர் பெயர். நான் அந்தப் படத்தை வாரா வாரம் பார்ப்பேன். மூலையில் காளையின் வாலுக்குப் பின்னால் பச்சையாக ஏதோ தெரியும். அது கம்பவுண்டரின் காது.

பந்தல்குடியில் லாரிப் பட்டறை வைத்திருந்த முருகேசன் அண்ணன் வந்த பிறகுதான் ஆட்டம் சூடு பிடித்தது. சேவல்கட்டுப் பைத்தியம் அவர். சேவல்கட்டில் தோற்ற சேவலுக்குக் கோச்சை என்று பெயர். ஜெயித்தவன் அதைக் கையோடு கொண்டுபோய்க் கறி வைத்துவிடுவான். "இங்கயும் கோச்சை வேணும்யா. இல்லாட்டி என்ன ஆட்டம் இது, பொட்டி தட்டிக்கிட்டு" என்றார். ஜந்துகளைக் கைமாற்றிக்கொள்ள விளையாட்டில் வழி இருந்தது. தோற்ற ஜோடியின் இரண்டு ஜந்துகளில் ஒன்றை ஜெயித்தவர்கள் கேட்டு வாங்கலாம் என்று முடிவானது. அதற்குப் பிறகு நாங்கள் ஜெயித்து வாங்கிய கோச்சைகள் எல்லாம் சிக்கந்தர் செல்போனுக்கே போயின. "அடிச்சது காளைதானலே" என்பான். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு தலையாட்டுவேன்.

ஒருநாள் எங்களுக்கு எதிரே முருகேசன் அண்ணனும் அவர் மச்சினனும் உட்கார்ந்தார்கள். காளை மச்சினனின் ஜந்தைச் சாய்த்துவிட்டுத் தானும் சாய்ந்தது. மிச்சம் இருந்தது அண்ணனின் எட்டுக்கால் புலி, இந்தப் பக்கம் என் கம்பவுண்டர். "முடிஞ்சு போச்சு" என்று சிக்கந்தர் செல்போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு டீ சொல்லப் போனான். போகட்டும் என்று நான் உட்கார்ந்தேன். புலி அறையும், கம்பவுண்டர் மருந்து போட்டுக்கொள்ளும். புலி கடிக்கும், கம்பவுண்டர் மருந்து போட்டுக்கொள்ளும். டீ வந்து ஆறி ஆடை கட்டியது. கடைசியில் புலிக்கு ஒரு வித்தைக்கும் மூச்சு இல்லை. தன்னைத்தானே முட்டிக்கொண்டு முட்டிக்கொண்டு என் கம்பவுண்டரின் காலடியில் விழுந்தது. ஒரு அடிகூட அடிக்காமல் ஜெயித்தோம். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. சிரிக்காதீர்கள்.

முருகேசன் அண்ணன் எழுந்தார். "இது செல்லாது. மருந்து போட்டு ஆடுறதெல்லாம் ஒரு ஆட்டமா? அடிக்காம செயிக்கிறவன் ஆம்பளையா?"

"அண்ணே, சேவக்கட்டுல நடுவுல சேவலத் தூக்கி, வாயில தண்ணி வச்சு மூஞ்சில ஊதித் தெளிய வச்சுத்தானண்ணே மறுபடி விடுறீக? அது மருந்து இல்லையா?" என்று கேட்டேன் நான்.

"அது நான் ஊதுறேன்யா. சேவலா ஊதிக்கிருது?"

இங்கேயும் தொட்டது என் விரல்தானே என்றேன். யாரும் காதில் வாங்கவில்லை. செய்யது பாயிடம் நியாயம் கேட்டேன். அவர் நல்ல மனிதர்தான். ஆனால் அவர் கடைக்கு நாலு ஆளைக் கூட்டிவருவது முருகேசன் அண்ணன். "எதுக்கு வம்பு? மருந்து இல்லாம இன்னொருக்கா ஆடிருங்களேன்பா" என்றார். ஆட்டம் முடிந்தபிறகு சட்டம் போடுகிற ஊரை நீங்கள் எங்காவது பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன். மருந்து இல்லாமல் ஆடினோம், தோற்றோம்.

"காளையக் குடு" என்றார் அண்ணன்.

சிக்கந்தர் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "அண்ணே, காளைய மட்டும் விட்ருங்க. கம்பவுண்டர எடுத்துக்கங்கண்ணே."

என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் முகத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எத்தனை ஆட்டத்தில் அந்தக் காளைக்கு விழ வேண்டிய அடியை என் ஜந்து வாங்கியது! சபையில் விழுந்த வார்த்தை, மறுக்க முடியாது. மாற்றிக் கொடுத்தேன். வெளியே வந்ததும், "ஏலே, அது அடிக்கவா செய்யுது? இன்னொண்ணு புடிச்சுக்கிருவோம்" என்றான். "எங்கலே புடிப்ப?" என்று கேட்டேன். அது கிடைத்த வாரம் எப்போதோ முடிந்திருந்தது. அன்றிலிருந்து கடையில் அவன் சேலையை விரிப்பதும் நான் மடிப்பதும்தான், வேறு பேச்சு இல்லை.

இதற்கு மேல்தான் எனக்கு வயிறு எரிந்த கதை. அடுத்த வாரமே முருகேசன் அண்ணன் கம்பவுண்டரை வைத்து ஆடினார். மருந்தும் போட்டார். "அன்னைக்குக் கூடாதுன்னீகளே?" என்றேன். "அது அன்னைக்குய்யா" என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் ஜெயித்தார், அண்ணனின் புது டெக்னிக்கு என்றார்கள். கொஞ்ச நாளில் தோற்கத் தொடங்கினார் என்று கேள்விப்பட்டேன். ஏன் என்று அப்போது எனக்குத் தெரியாது. நான் அந்தப் பக்கம் போவதையே நிறுத்தியிருந்தேன்.

இன்றைக்குச் செய்யது பாயின் கடை இருந்த இடத்தில் பரோட்டா கடை இருக்கிறது. காளைப் படம் ஒட்டிய சுவரில் சால்னா புகை. சிக்கந்தர் துபாய் போய்விட்டான். அந்த விளையாட்டும் இல்லை. நடத்திய கம்பெனி, இந்தத் தேதியோடு மூடுகிறோம், வளர்த்ததெல்லாம் அழிந்துபோகும் என்று ஒருநாள் அறிவித்துவிட்டது. எங்களை யார் கேட்டார்கள்?

மூடப்போகிற அன்று சிக்கந்தரும் நானும் இன்னும் ஜவுளிக்கடையில்தான் இருந்தோம், முருகேசன் அண்ணன் கடைக்கே வந்தார். "இந்தாய்யா, ஒன் ஜந்து. போறப்ப ஒங்கிட்டயே இருக்கட்டும்" என்று மாற்றிக் கொடுத்தார். நல்ல மனசுதான், மறுக்கவில்லை. திறந்து பார்த்தேன். முதல் வித்தை இருந்த இடத்தில் ஒரு குத்து இருந்தது.

"அண்ணே, மருந்து எங்கண்ணே?"

"அத அழிச்சுட்டுத்தான் குத்து சொல்லிக் குடுத்தேன். எத்தன நாளைக்குத்தான் அடி வாங்கிக்கிட்டே இருக்கும்? இப்பத்தான் அதுக்கு ஒரு மருவாத." பெருமையாகச் சொல்லிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார்.

சாயங்காலம் கூட்டம் குறைந்ததும் சிக்கந்தர் சேலை அடுக்குக்குப் பின்னால் வந்து நின்றான். "கடைசியா ஒரு ஆட்டம் ஆடுவோமாலே?" என்றான். முடியாது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் கை செல்போனை எடுத்துவிட்டது. இரண்டு பேரும் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்தோம். எதிரே யாரோ, எந்த ஊரோ. காளை அடித்தது, அடி வாங்கியது, சாயப் போனது. பழைய ஞாபகத்தில் என் கட்டைவிரல் முதல் வித்தைக்குப் போய், குத்தின்மேல் நின்றுவிட்டது.

"மருந்தப் போடுலே!" என்று கத்தினான் சிக்கந்தர். அத்தனை வருஷத்தில் அவன் அதைக் கேட்டது அன்றைக்குத்தான். "ஏலே, போடுலே, காளை போகுதுலே!"

நான் விரலை எடுத்துவிட்டு, செல்போனை அவன் பக்கம் திருப்பிக் காட்டினேன்.