மரக்காணம் உப்பளத்தில் வாங்கிய திட்டு

2006 ஏப்ரலில் மரக்காணம் போனேன், மாமனாரைப் பாண்டிக்குச் செக்கப்புக்கு அழைத்துப்போக. மாமா உப்பளம் வைத்திருப்பவர்; மூச்சுக்கு மூச்சு யாரையாவது திட்டுகிறவர். ஆறு மாதத்துக்கு முன் மாரடைப்பு வந்ததிலிருந்து வாயே திறப்பதில்லை. "சாந்தமாயிட்டாரு" என்று வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. எனக்கும்தான், பொய் சொல்வானேன்!

சென்னையிலிருந்து ஈசிஆர் பஸ், மூன்று மணி நேரம். இடப்பக்க ஜன்னலைப் பிடியுங்கள், கடல் கூடவே வரும்.

போய்ப் பார்த்தால் மாமா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார். "சோறே எறங்க மாட்டேங்குது மாப்ள. இப்பிடியே போனா மனுஷன் பொழைப்பாரா?" என்று அத்தை அழுதுவிட்டார். மாமாவைக் கிளப்பி, அத்தையையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டேன்.

பாண்டி முப்பத்தைந்து கிலோமீட்டர். ஆஸ்பத்திரியில் ஈசிஜி முடிந்ததும் நர்ஸம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஹார்ட் பேஷண்ட் எல்லார்கிட்டயும் இத கேக்கறோம்யா. ரெண்டு வாரமா மனசு சோர்ந்து கெடக்குதா? முன்ன புடிச்சதுல இப்ப ஆர்வம் இல்லையா?"

'நல்லாத்தான் இருக்கேன்' என்பார் என்று நினைத்தேன். மாமா வாயைத் திறந்தார். "எதுக்குமா இருக்கோம்னு தோணுது. அளத்துப் பக்கமே உடமாட்டேன்றாங்க."

அத்தை பதறினார். "டாக்டர்தானே உப்பக் கொறைக்கச் சொன்னாரு! பாத்தில நின்னா பாதம் வழியா உப்பு ஏறிடாதா?"

நர்ஸம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "வாய் வழியா போறதக் கொறைச்சா போதும்மா" என்றார். டாக்டரும் அதையே சொன்னார்; பாரம் தூக்கக் கூடாது, அளத்து வரப்பில் நடக்கலாம் என்றார். ஆனால் மனச்சோர்வும் நோய்தான், இதயத்தையும் அது கெடுக்கும் என்று அன்றே மனநல டாக்டரிடம் அனுப்பினார். மாத்திரை, மனம் விட்டுப் பேச ஆலோசனை, அடுத்த மாதம் மறுபடி வரவேண்டும்.

திரும்பும்போது சாயங்காலம் நாலரை. நேரே உப்பளம்! வெள்ளை வெளேரென்று குவியல் குவியலாய் உப்பு. மாமா வரப்பில் நின்று ஒரு கல் உப்பை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தார். நான் போட்டோ எடுக்கும் ஆசையில் பாத்திக்குள் இறங்கினேன்.

"யோவ் மாப்ள! செருப்போட எறங்குறீங்களே, கண்ணு தெரியல? சேறெல்லாம் உப்புல கலக்குது பாருங்க!"

அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், அழுதார். "திட்றாருப்பா! திட்றாரு!"

மாமாவுக்கு இன்னும் சிகிச்சை நடக்கிறது. ஒரு நாளில் தீருகிற சமாசாரமில்லை. உங்கள் வீட்டில் இதய நோயாளி திடீரென்று சாந்தமானால் சந்தோஷப்படாதீர்கள், அந்த இரண்டு கேள்வியையும் கேளுங்கள். உப்பளம் பார்க்கக் காலையிலோ நாலு மணிக்கு மேலோ போங்கள், தொப்பி முக்கியம். பாத்தியில் மட்டும் செருப்போடு இறங்காதீர்கள். மாமா இப்போது தினமும் அங்கேதான் இருக்கிறார்.